ஒரே பேரில் இரண்டு பேர்

சங்கரன்கோவிலில் ஓ.பி. பார்க்கிற டாக்டர் யாரும் நோயாளியைப் பெயர் சொல்லி உள்ளே கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து வருவார்கள். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிகளிலும் பெண் பிறந்தால் அம்மன் பெயர், ஆண் பிறந்தால் சுவாமி பெயர். கோயிலின் ஆடித் தபசுத் திருவிழாவுக்கு முன்னே பின்னே பிறந்துவிட்டால் வேறு பெயரை யோசிக்கக்கூட மாட்டார்கள். பிறகு அம்மன் பெயர்க்காரியைச் சுவாமி பெயர்க்காரனுக்கே கட்டிக்கொடுத்துவிட்டு, பெயர்ப் பொருத்தம் தானாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையில் டோக்கன் நம்பர்தான். டோக்கனைத் தொலைத்தவர்களை, "பூ மார்க்கெட்டு அக்கா", "தறிக்கார அண்ணாச்சி", "திருவேங்கடம் பஸ்ஸுல வந்தவிய" என்று நர்ஸ் வாசலில் நின்று சத்தம் கொடுப்பாள்.

இந்த விஷயத்தை, ஆய்வு ஒன்றுக்காக எங்களைத் தேடி வந்த சென்னைக்காரர்களிடம் ஆரம்பத்திலேயே சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னேன். "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்" என்றார்கள். எதில் நோட் பண்ணினார்களோ, அது அவர்களுக்கே வெளிச்சம்.

அவர்கள் கொண்டுவந்த வேலையைக் குறை சொல்ல மாட்டேன். கல்லீரல் நோய் எந்தெந்த ஊரில் எப்படி இருக்கிறது, யார் வைத்தியத்தைப் பாதியில் விட்டார்கள், யாருடைய குடும்பத்துக்குப் பரிசோதனை நடந்தது என்று பல மருத்துவமனைகளின் கணக்கை ஒன்றாகப் பார்க்கும் ஆய்வு அது. எங்கள் பக்கத்துக்கு இப்படி ஒன்று தேவைதான். இங்கே ஒரே ஆள் சர்க்கரைக்கு ஒரு ஊர், வயிற்றுவலிக்கு ஒரு ஊர் என்று சுற்றுவார். சொல்லக் கூச்சப்படும் நோய் என்றால் கேட்கவே வேண்டாம். சிவகிரிக்காரர் சங்கரன்கோவிலுக்கு வருவார். சங்கரன்கோவில்காரர் ராஜபாளையத்துக்குப் போவார். தெரிந்த முகம் ஒன்று வரிசையில் உட்கார்ந்திருந்தால் அப்படியே திரும்பி அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். ஒரு இடத்தில் கண்டுபிடித்தது இன்னொரு இடத்துக்குத் தெரியாமல் எத்தனையோ பேர் கெட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் யாருடைய பெயரும் வெளியே போகக் கூடாது. அதற்கு அவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். நோயாளியின் பெயர், பிறந்த தேதி, கணவர் அல்லது தகப்பனார் பெயர், ஊர் ஆகியவற்றை அந்தந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டரே சேர்த்து அரைத்து, எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு குறியீடு ஆக்கிவிடும். அந்தக் குறியீடு மட்டும்தான் சென்னைக்குப் போகும். இரண்டு இடத்திலிருந்து ஒரே குறியீடு வந்தால் அது ஒரே ஆள். ஒரு இடத்தில் கல்லீரல் கிருமி இருப்பதாகத் தெரிந்தால், அவர் வைத்தியம் பார்க்கும் மற்ற இடத்துக்குத் தகவல் வரும். குறியீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்பது அந்தந்த மருத்துவமனைக்குள் மட்டும்தான் தெரியும். சென்னை ஆய்வுக்குழுவில் இதைக் கவனித்துக்கொண்ட தம்பி எனக்கு இதை விளக்கியபோது, "அரிசியை மாவா அரைச்சுட்டோம் மேடம், மாவைத் திரும்ப அரிசி ஆக்க முடியாதுல்ல" என்றான். அழகாகத்தான் சொன்னான். ஒரே மூட்டை அரிசியை இரண்டு வீட்டில் அரைத்தால் மாவில் என்ன வித்தியாசம் தெரியும் என்று கேட்டேன். சிரித்தான்.

அவன் சிரித்ததற்குக் காரணம் உண்டு. பெயர் ஒன்றாக இருந்தாலும் பிறந்த தேதி மாறும், கணவர் பெயர் மாறும், ஊர் மாறும், எல்லாம் சேர்ந்து ஒன்றாக வரவே வராது என்பது அவன் கணக்கு. சென்னையில் அது சரியாகத்தான் இருக்கும். எங்கள் கிராமங்களில் நாற்பதைத் தாண்டிய பலருக்குப் பிறந்த தேதி என்பது ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்ட வாத்தியார் போட்ட தேதி. ஒரே நாளில் வந்து நின்ற பிள்ளைகளுக்கெல்லாம் அவர் கையோடு ஒரே தேதியைப் போட்டுவிட்டார். அதுவே பிறகு ஆதாரிலும் ஏறிவிட்டது. இதையும் சொன்னேன். இதையும் நோட் பண்ணிக்கொண்டார்கள்.

குருவிகுளம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடச் சத்துணவுக்குச் சமைக்கும் அம்மா ஒருவர் பல வருஷமாக என்னிடம் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கிறார். கணவர் இருக்கிறார், பேருக்கு. வீடு ஓடுவது இவர் கையில். அந்த அடுப்படி வேலைதான் அவருக்குச் சோறு, கௌரவம், எல்லாம். எங்கள் மருத்துவமனையில் ஆய்வில் சேரச் சம்மதித்தவர்களில் அவரும் ஒருவர். சேரும்போது, "பேரு வெளிய போயிராதுல்லா டாக்டரம்மா?" என்று கேட்டார். போகாது என்று சொன்னேன். சொன்னது உண்மைதான்.

ஒரு நாள் காலையில் அவர் டோக்கன் வாங்காமல், செருப்பைக் கழற்றாமல், நேராக என் அறைக்குள் வந்து நின்றார்.

"எனக்கு என்ன நோயின்னு எனக்குச் சொல்லாம ஊருக்குச் சொல்லியிருக்கிய. நல்லா இருக்கா டாக்டரம்மா இது?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே இருந்த நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு அவரை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"மஞ்சக்காமாலைக் கிருமியாம் எனக்கு. வீட்டுக்காரரையும் பிள்ளையளையும் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வரணுமாம். உங்க நர்ஸு போன் போட்டுச் சொல்லியிருக்கா. யார்கிட்ட தெரியுமா? எங்க அமைப்பாளர் அம்மாகிட்ட."

அவரிடம் சொந்தமாகப் போன் கிடையாது. எங்கள் பதிவில் இருந்தது சத்துணவு அமைப்பாளரின் நம்பர். பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுப் பொறுப்பு முழுவதும் அந்த அம்மாவிடம். அந்த ஊரில் பாதிப் பேர் ஆத்திர அவசரத்துக்கு அவர் நம்பரைத்தான் கொடுத்து வைத்திருக்கிறார்கள்.

"அந்தம்மா என்ன சொன்னாவ?"

"அடுப்புப் பக்கம் வராதன்னுட்டாவ. சும்மா சொல்லல, கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாவ. பிள்ளைய சாப்பிடுத எடம், எனக்கும் பொறுப்பு இருக்குல்லா, கொஞ்ச நாளைக்கு வீட்டுல இருங்கன்னு. மறுநாளே ரெண்டு பொம்பளைய வந்து எம்பிள்ளை இங்க சாப்பிடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காளுவ." மூச்சு வாங்கிக்கொண்டார். "பேரு வெளிய போவாதுன்னு சொன்னிய. சரிதான், பேரு போவல. நாந்தான் வெளிய போயிட்டேன்."

நர்ஸைக் கூப்பிட்டேன். வந்த வேகத்தில் அழுதுவிடுவாள் போல நின்றாள். ஆய்வுக்கான வேலைகளைப் பார்ப்பதும், சென்னையிலிருந்து தகவல் வந்தால் நோயாளிக்குச் சொல்வதும் அவள்தான்.

"ஏட்டி, யாரு எவருன்னு கேக்காமலா சொன்ன?"

"கேட்டேன் டாக்டர். பேரச் சொல்லி நீங்கதானான்னு கேட்டேன். ஆமா, நாந்தான் சொல்லுங்கன்னாவ."

அமைப்பாளரும் அம்மன் பெயர்க்காரி. அவரைக் கேட்டால் ஆமாம் என்றுதானே சொல்வார்? விஷயம் முழுவதையும் கேட்டு, நமக்கு எப்போது இந்த டெஸ்ட் எடுத்தார்கள் என்று பதறி, கடைசியில் கணவர் பெயரை நர்ஸ் சொன்ன பிறகுதான் அது சமையல்காரம்மாவுக்கு வந்த போன் என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. நர்ஸை என்னவென்று திட்டுவது? விதிமுறையில் பெயரைக் கேட்டு உறுதி செய்யச் சொல்லியிருக்கிறார்கள். அவள் செய்தாள். எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை.

என்னைக் கேட்டால் அந்தப் போனையே போட விட்டிருக்க மாட்டேன். அந்தக் கிருமி சாப்பாட்டில் பரவாது. ரத்தத்தில் பரவும், புருஷன் பெண்டாட்டிக்குள் பரவும், தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். அதைச் சமைத்த கையோடு முடிச்சுப் போடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை. ஆனால் மஞ்சள்காமாலை என்ற வார்த்தை காதில் விழுந்த ஊருக்கு இதையெல்லாம் யார் பாடம் நடத்துவது?

சமையல்காரம்மாவுக்கு அப்போதே ரத்தம் எடுத்தோம். லேபிலிருந்து முடிவு வருகிற வரைக்கும் என் அறை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிவரச் சொன்னேன், தொடவில்லை. முடிவு வந்தது. கிருமி இல்லை.

"உனக்கு ஒண்ணும் இல்ல. சுத்தமா இல்ல" என்றேன்.

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இன்னும் கோபம் ஏறியது அவருக்கு.

"பெறவு யாருக்கு?"

அதற்குள் கம்ப்யூட்டரில் பார்த்திருந்தேன். எங்களிடம் உள்ள இவருடைய குறியீடும் வேறு ஊர் மருத்துவமனை ஒன்றில் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட ஒருவரின் குறியீடும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. இவரோ அந்த ஊர்ப் பக்கம் போனதே இல்லை. அப்படியானால் இவருடைய பெயர், வாத்தியார் போட்ட அதே தேதி, கணவருக்கும் அதே சுவாமி பெயர், அதே கிராமம் என்று இன்னொருத்தி இருக்கிறாள்.

"கம்ப்யூட்டர் ஆளை மாத்திட்டு" என்று மட்டும் சொன்னேன்.

அவர் மெதுவாக, "என் பேருலயே ஒருத்தியா?" என்றார். "டாக்டரம்மா, எங்க ஊர்ல என்கூட ஒரே நாள்ல ஒண்ணாப்புல சேர்ந்தவ ஒருத்தி..."

"நிறுத்து. மேல ஒரு வார்த்தை பேசாத."

"எனக்குத் தெரிஞ்சு போச்சு. சொல்லட்டா?"

"எங்கிட்டயும் சொல்லாத, வேற யார்கிட்டயும் சொல்லாத."

"அப்போ எம் பொழப்பு?" என்று கேட்டார்.

அவர் போன பிறகு சென்னைத் தம்பிக்குப் போன் போட்டேன். நல்ல பையன். எவ்வளவு திட்டினாலும் குரலை உயர்த்த மாட்டான். அதுவே எனக்கு இன்னும் எரியும்.

"ரெண்டு பேரை ஒருத்தரா சேர்த்து வச்சிருக்கு உங்க கம்ப்யூட்டர். உடனே பிரிச்சுவிடுப்பா."

"மேடம், நீங்க சொல்றது புரியுது. ஆனா எல்லாமே முழுசாப் பொருந்துதே."

"பொருந்தும். இந்த ஊர்ல பொருந்தும். நீ ஒரு தடவை வந்து கோயில் வாசல்ல நின்னு அந்தப் பேரைக் கூப்பிட்டுப் பாரு, எத்தனை பேர் திரும்புதாவன்னு."

"பிரிக்கணும்னா ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கையெழுத்து வாங்கி அனுப்பணும் மேடம்."

"ஒருத்தியை எனக்குத் தெரியும். இன்னொருத்தி யாருன்னு நீ சொல்லு."

"எங்களுக்கே தெரியாதே மேடம். அதுதானே இதோட சிறப்பே."

"அப்போ அந்த ஆஸ்பத்திரியில கேட்டுச் சொல்லு."

"அவங்க நோயாளி விவரத்தை நமக்குத் தர முடியாது மேடம். தந்தா அது தப்பு."

"சரி, ரெண்டாவது ஆளுக்கு நான் எங்க போக?"

"அதான் மேடம். ரெண்டாவதா ஒருத்தர் இருக்காங்கன்னு முதல்ல நிரூபிக்கணும்."

போனைத் தூக்கி எறியாமல் வைத்ததே பெரிய காரியம். அவன் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அந்த மருத்துவமனை தன் நோயாளியின் பெயரைச் சொல்லியிருந்தால் நானே அவர்கள் மேல் பாய்ந்திருப்பேன். சட்டப்படி எல்லாரும் சரியாக நடந்துகொண்டிருந்தார்கள். எல்லாரும் சரியாக நடந்து, நடுவில் ஒரு பொம்பளை அடுப்படிக்கு வெளியே நிற்கிறாள். ரத்தப் பரிசோதனை முடிவையும் அனுப்பினேன். பழைய முடிவு கிருமி உண்டு என்றும் புதிய முடிவு கிருமி இல்லை என்றும் காட்டுவதால், அது தானாகவே நீங்கியிருக்கலாம் என்று பதில் வந்தது. அந்த மெயிலைப் படித்துவிட்டு அன்றைக்கு மதியம் நான் சாப்பிடவில்லை.

இன்னொரு கவலையும் என்னை அரித்தது. இங்கே வந்த தகவல் உண்மையில் அந்த இன்னொருத்திக்குப் போக வேண்டியது. அவள் பிள்ளைகளுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும், கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவளுக்குச் சொல்லியாகிவிட்டது. ஆகவே இனி யாரும் அவளைத் தேடப் போவதில்லை.

சமையல்காரம்மாவைக் காப்பாற்ற எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், இது இவருக்கு இல்லை, இதே பெயரில் உள்ள வேறு ஒருவருக்கு, கம்ப்யூட்டர் குழப்பிவிட்டது என்று உண்மையைச் சொல்லிவிடலாம். அடுத்த கேள்வி, யார் அந்த வேறொருவர் என்பதாக இருக்கும். அந்த ஊரில் அதற்கு விடை கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஒருத்தியை அடுப்படிக்குள் அனுப்பிவிட்டு இன்னொருத்தியைத் தெருவில் நிறுத்தியது போல ஆகும். அவளுக்கும் வீடு இருக்கிறது, மாமியார் இருப்பார், அவள் தொட்டதை வேண்டாம் என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள். சென்னைத் தம்பி என்னிடம் சொன்ன அதே "சொல்லக் கூடாது"வை நான் சமையல்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒரு சான்றிதழ் எழுதினேன். இன்னாரைப் பரிசோதித்தேன், தொற்றுநோய் எதுவும் இல்லை, சமையல் வேலை செய்யலாம். அவ்வளவுதான். சர்க்கரையைப் பற்றிக்கூட எழுதவில்லை. அது அவர் சொந்த விஷயம். சமையல்காரம்மா அதை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் போன் வந்தது, அமைப்பாளரின் நம்பரிலிருந்து இல்லை, பஸ் ஸ்டாண்டுக் கடை ஒன்றிலிருந்து.

"நம்ப மாட்டேங்காவ டாக்டரம்மா. ஒண்ணும் இல்லன்னா எதுக்குப் போன் போட்டாவன்னு கேக்காவ. நான் என்னத்தச் சொல்ல? உள்ளதச் சொல்லிரவா?"

"சொல்லாத. நான் வாரேன்" என்றேன்.

ஓ.பி.யை முடித்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். அங்கே போய்ச் சேரும்போது பிள்ளைகள் சாப்பிட்டு முடித்துத் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சமையல் உதவியாளர் ஒருத்தியே அண்டாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சமையல்காரம்மா பள்ளிக்கூட வேப்பமரத்தடியில், வாசலுக்கு வெளியே நின்றார். அமைப்பாளர் எனக்கு நாற்காலி போட்டு, விசிறி எடுத்துக் கொடுத்தார். கெட்டவர் இல்லை. பயந்தவர். பிள்ளைகளுக்கு ஒன்று என்றால் முதலில் தன் தலைதான் உருளும் என்ற பயம்.

"சர்டிபிகேட்டு பார்த்தேன் டாக்டரம்மா. நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும். ஆனா உங்க நர்ஸு தெளிவாச் சொன்னாளே."

"நர்ஸ் நம்பர் மாத்திப் போட்டுட்டா."

"நம்பர் மாத்திப் போட்டவளுக்கு எங்க சமையல் ஆயாவோட வீட்டுக்காரர் பேரு எப்படித் தெரியும்?"

பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் போதாது. முழித்தேன். சமையல் உதவியாளர் அண்டாவைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். மரத்தடியிலிருந்து சமையல்காரம்மாவும் பார்த்தார். அவர் இரண்டு எட்டு முன்னால் வந்தார். வாயைத் திறந்துவிடப் போகிறார் என்று எனக்குப் பதறியது.

"எங்க ஆஸ்பத்திரி அப்படித்தாம்மா" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. "ஆளு மாறிப் போவும். கூப்பிடக் கூடாதவங்களைக் கூப்பிடுவோம்."

அமைப்பாளர் என்னையே பார்த்தார். பிறகு அவர் முகத்தில் ஏதோ ஒன்று பிடிபட்டது தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா எடுத்துக்கிடாதிய டாக்டரம்மா, வெளிப்படையாவே கேக்கேன். டெஸ்டுக்கு ஆளு பிடிக்கதுக்காக இப்படிப் போன் போடுதாவளோ? வீட்டோட வாங்க, பிள்ளையளையும் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னா தலைக்கு ஒரு டெஸ்டு ஆகும்லா?" என்றார்.

படிப்பு முடித்த நாளிலிருந்து அப்படி ஒரு காசு வாங்கினதில்லை நான். தேவையில்லாத டெஸ்ட் எழுதச் சொன்னதற்காக முன்பு ஒரு மருத்துவமனையில் சண்டை போட்டு வெளியே வந்தவள். அந்த ஆய்வில் எல்லாப் பரிசோதனையும் இலவசம். அதைச் சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது. சொன்னால் மறுபடியும் அந்தக் கேள்விதான் வரும். இலவசமாக ஏன் கூப்பிட்டார்கள்?

தலையை ஆட்டினேன்.

"அப்படித்தான்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

"அட போங்க" என்று அமைப்பாளர் பெருமூச்சு விட்டார். இறுகிக் கிடந்த முகம் அப்படியே தளர்ந்துவிட்டது. "நானும் அதத்தான் நெனச்சேன். இப்படிப் பாவப்பட்டவ பொழப்புலயா கை வைக்கது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். பிறகு மரத்தடிப் பக்கம் திரும்பி, "ஏய், நாளைக்குக் காலையில வந்துரு. முட்டை அவிக்கணும்" என்றார்.

எனக்கு விசிறி கொடுத்த அதே கையால் விசிறியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மோர் வேண்டுமா என்று கேட்கவில்லை. வெளியே வரும்போது சமையல்காரம்மா என்னோடு வண்டி வரைக்கும் நடந்து வந்தார். நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. நடந்தது எல்லாவற்றுக்கும் தொடக்கம் எங்கள் பக்கம்தானே.

"நான் சொல்லியிருப்பேன் டாக்டரம்மா" என்றார். "நாலு நாளா நாக்கு நமநமன்னுச்சு. அவ எனக்கு என்ன அக்காவா தங்கச்சியா? எதுக்கு அவளுக்காக நான் வெயில்ல நிக்கணும்? அவ பிள்ளைய ரெண்டும் இங்கதான் சாப்பிடுது. தட்டை நீட்டுற மூஞ்சி கண்ணுக்குள்ள வந்து நின்னுட்டு. இல்லன்னா சொல்லித்தான் இருப்பேன்."

நான் வண்டியைக் கிளப்பினேன்.

ஊரில் செய்தி பரவ எவ்வளவு நேரமாகும்? டெஸ்டுக்கு ஆள் பிடிக்கிற ஆஸ்பத்திரி என்று குருவிகுளம் பக்கமெல்லாம் பேச்சாகிவிட்டது. நிர்வாகத்திலிருந்து கூப்பிட்டு, நீங்களே இதை ஒத்துக்கொண்டதாகச் சொல்கிறார்களே என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்ல முடியாது என்றேன். என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள். நர்ஸ் ஆய்வு வேலையே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டாள். சென்னைத் தம்பி மட்டும் அடிக்கடி போன் செய்து, அந்தக் குறியீட்டுக்கான குடும்பப் பரிசோதனை இன்னும் நிலுவையில் காட்டுகிறதே மேடம் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். நிலுவையில் இருக்கட்டும் என்றேன். எனக்கும் அது நிலுவையில்தான் கிடந்தது. அந்த இன்னொருத்தியின் பிள்ளைகளை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை. போய்க் கூப்பிடவும் வழியில்லை. யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது.

சில வாரங்கள் கழித்து ஒரு பெண் வந்தார். என் வரிசையில் கடைசி ஆளாக, எல்லாரும் போகிற வரைக்கும் காத்திருந்து உள்ளே வந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தார். பதிவுச் சீட்டு இல்லை.

"டோக்கன் எடுக்கலியா?"

"எடுத்தா பேரு கேப்பாவல்லா. அதான் எடுக்கல."

உட்காரச் சொன்னேன். எந்த ஊர் என்று கேட்டேன். சொன்னார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எனக்குக் கல்லீரல்ல கிருமி இருக்கு. வேற ஊர்ல பார்த்தேன், மாத்திரையப் பாதியில விட்டுட்டேன். பிள்ளையளுக்கும் பாக்கணுமாமே. எங்க ஊர்ல சத்துணவுல சமைக்கவ சொன்னா. அடுப்படிக்குப் பின்னால கூப்பிட்டு வச்சு ஏசு ஏசுன்னு ஏசிட்டுத்தான் சொன்னா." அவர் கண் கலங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஊர்ல உங்க ஆஸ்பத்திரிய ஒரு மாதிரியாச் சொல்லுதாவ. அவகிட்ட கேட்டேன், அங்கனயா போவச் சொல்லுதன்னு. 'நீ போட்டி, அந்தம்மா திருட்டுப் பட்டம் வாங்குனாலும் வாங்கும், ஆளைக் காட்டிக் குடுக்காது'ன்னுட்டா."

அவரைப் பரிசோதித்தேன். வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். பிள்ளைகளைப் பள்ளிக்கூட லீவு நாளில் அழைத்து வரச் சொன்னேன். ஆய்வில் சேர்க்க மாட்டேன், எந்தக் கணக்கிலும் உங்களைக் கொண்டுபோக மாட்டேன் என்று சொன்னேன். தலையாட்டினார். ரத்தம் எடுப்பதற்குப் பதிவு போட்டாக வேண்டும். நானே அவரைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனேன். அங்கே எங்கள் பதிவுப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை.

அவர் குனிந்து பெயரைச் சொன்னார், ஆதார் அட்டையை நீட்டினார். போன் நம்பர் கேட்டபோது தயங்கினார். என் நம்பரைப் போடச் சொன்னேன். பதிவுப் பெண் எல்லாவற்றையும் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, இவிய ஏற்கெனவே இருக்காவளே. அதே பேரு, அதே தேதி, வீட்டுக்காரர் பேரும் அதே. பழைய பதிவோட சேர்த்துரவான்னு கம்ப்யூட்டரு கேக்கு. சேர்த்துரவா?"

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார்.

"சேக்காத" என்றேன். "புதுசாப் போடு. இது வேற ஆளு."